டீசல் கார் திடீரென இழுக்கவில்லையா? ஸ்கேனர், கைச்சோதனை, ஒர்க்‌ஷாப்: எதில் தொடங்குவது?

ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. சில நேரம் அதுகூட இல்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. அடுத்த மேட்டில் மறுபடி அதே கதை. இதை விவரித்துவிட்டு வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டர்போ போச்சுன்னு மெக்கானிக் சொல்றார், மாத்திடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கெட்டுப்போவது உண்டுதான். ஆனால் கிழிந்த ஹோஸ், வெடித்த வேக்குவம் (வெற்றிட) குழாய், சிக்கிய ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது), அடைத்த டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி), அழுக்கேறிய டீசல் ஃபில்டர், பொய் சொல்லும் சென்சார் எல்லாமே ஓட்டுபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: வண்டி இழுக்கவில்லை. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விலை அதிகமானது டர்போ. அதைக் கழற்றுவதும் பெரிய வேலை. ஆகவே சந்தேகப்பட வேண்டிய வரிசையில் அதற்குக் கடைசி இடம்.

அதனால் இங்கே ஒப்பிடப்போவது பாகங்களை அல்ல. கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிகளை. நீங்களே ஓபிடி ஸ்கேனர் (இன்ஜின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்ப்பது, பானெட்டைத் திறந்து கையால் தேடுவது, தனியார் டீசல் ஒர்க்‌ஷாப், கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று நான்கு வழிகள். ஐந்தாவது ஒன்றும் உண்டு, யாரும் தேர்ந்தெடுக்காமலே போய் விழுவது: ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அந்த வழி அறிகுறியோடு நிற்கிறதா, காரணம்வரை போகிறதா என்பது. "பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவு" என்பது அறிகுறி. "இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) போகும் ஹோஸின் அடிப்பக்கம் கிழிந்திருக்கிறது" என்பதுதான் காரணம்.

இரண்டாவது, லோடில் சோதிக்க முடியுமா? டர்போ நன்றாகச் சுழல, இன்ஜின் பாரம் இழுத்து நிறைய டீசல் எரித்து, எக்ஸாஸ்ட் வாயு வேகமாக வெளியேற வேண்டும். நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் அந்த நிலை வராது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி நாலு முறை உறுமவிட்டு "நல்லாத்தான் இருக்கு சார்" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான்.

பிறகு செலவு. சோதனைக் கட்டணத்தோடு, தவறாக முடிவெடுத்து வாங்கிய பாகத்தின் விலையும் கணக்கில் சேர வேண்டும். வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதும் உண்டு.

## எதற்கும் முன்னால்: ஓட்டக்கூடாத நிலை

நீலப் புகை கக்குகிறது, ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது, உலோகம் உரசும் சத்தமோ சைரன் போன்ற ஊளையோ கேட்கிறது என்றால் ஒப்பீடெல்லாம் பிறகு. இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். டர்போவின் சீல் போய் இன்ஜின் ஆயில் காற்றுப் பாதைக்குள் கசிந்தால், இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எரித்துத் தானாக வேகமெடுக்கும். அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். கைக் கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை மடக்குவதுதான் வழி.

மற்றபடி வெறுமனே இழுவை குறைந்து, புகையும் சத்தமும் இயல்பாக இருந்தால் அது பெரும்பாலும் லிம்ப் மோடு. இன்ஜின் கணினி இன்ஜினைக் காக்கச் சக்தியைக் குறைத்திருக்கிறது. மெதுவாக வீடுவரை ஓட்டிச் செல்லலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம்வரை போகுமா | லோடில் சோதனை | செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சொந்த ஓபிடி ஸ்கேனர் | திசை காட்டும் | நன்றாக முடியும் | குறைவு | பிழைக் கோடு (கோளாறு எண்) ஒன்றை மட்டும் நம்பி பாகம் வாங்குவது |
| கைச்சோதனை | கண்ணில் படும் காரணம் என்றால் போகும் | முடியாது | நேரம் மட்டும் | அழுத்தத்தில் மட்டும் திறக்கும் கிழிசல் தப்பிவிடும் |
| தனியார் டீசல் ஒர்க்‌ஷாப் | ஆளைப் பொறுத்தது | கேட்டால் செய்வார்கள் | நடுத்தரம் | கருவி இல்லாத இடத்தில் ஊகம்தான் கிடைக்கும் |
| கம்பெனி சர்வீஸ் சென்டர் | போகும் | முடியும் | அதிகம் | சின்னப் பகுதிக்காக முழு அசெம்ப்ளியை மாற்றுவது |
| மாற்றிப் பார்ப்பது | அதிர்ஷ்டம் | இல்லை | கணிக்கவே முடியாது | எல்லாமே |

## சொந்த ஸ்கேனர்

புளூடூத் ஓபிடி அடாப்டரும் கைபேசியில் ஒரு செயலியும் போதும். பலர் இதைக் கோடு படிக்கும் கருவியாக மட்டும் பார்க்கிறார்கள்; அது இதன் சின்னப் பயன்தான். பி0299 என்றால், இன்ஜின் கணினி கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை. பி0234 என்றால் கேட்டதைவிடக் கூடுதலாக ஏறிவிட்டது. பி0087 என்றால் டீசல் ரெயிலில் (டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதை அழுத்தத்தில் பகிரும் குழாய்) அழுத்தம் போதவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. பி0299 வந்ததும் டர்போவுக்கு விலை கேட்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கோடு பதிவான நொடியில் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதி வைத்திருக்கும். கோடை அழிப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்; பிறகு பார்க்கும் மெக்கானிக்குக் கையில் எதுவும் இருக்காது.

அடுத்து சென்சார் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மேப் சென்சார் காட்டுவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் முழு அழுத்தத்தை. அதாவது வெளிக்காற்றின் அழுத்தமும் அதில் சேர்ந்தது. எனவே கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 80 காட்ட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் 130 காட்டினால் கோளாறு டர்போவில் இல்லை. சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள்.

இதன் முழுப் பலனும் ஓட்டத்தில்தான். காலியான, லேசான ஏற்றமுள்ள சாலை. மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து 3,500 வரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஒரே இழுப்பு. சுற்று, மேப், மாஃப் (உள்ளே வரும் காற்றின் அளவு), ரெயில் அழுத்தம் நான்கையும் செயலி பதிவு செய்யட்டும். கைபேசி பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் கையில் அல்ல. நல்ல நிலையில் உள்ள பல டீசல் கார்களில் முழு இழுப்பில் மேப் 200 முதல் 250 கிலோபாஸ்கல்வரை ஏறும். உங்கள் பதிவில் 2,500 சுற்றிலும் 115-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி மற்ற எண்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மேப் குறைவு, ஆனால் மாஃப் வழக்கமான அளவில் இருக்கிறது, பின்னால் கரும்புகை: காற்று உள்ளே வந்திருக்கிறது, அளக்கவும்பட்டிருக்கிறது, சிலிண்டருக்குப் போகும் வழியில் எங்கோ வெளியேறிவிட்டது. டர்போவுக்குப் பிந்தைய ஹோஸ், இன்டர்கூலர், கிளாம்ப்பைப் பாருங்கள். அளந்த காற்றை நம்பிக் கணினி டீசல் ஊற்றுவதால்தான் அந்தக் கரும்புகை.

மேப், மாஃப் இரண்டுமே குறைவு: புதிய காற்றே போதுமான அளவு உள்ளே வரவில்லை. அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர், அசையாத ஆக்சுவேட்டர் (டர்போவின் இதழ்களை ஆட்டும் பாகம்), எக்ஸாஸ்ட்டை மறிக்கும் டிபிஎஃப் இதில் வரும். டிபிஎஃப் இருக்கும் வண்டியில் அதன் முன்பின் அழுத்த வித்தியாசத்தையும் பார்த்துவிடுங்கள். குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டியில் கரியை எரிக்கத் தேவையான சுமார் 600 டிகிரி வெப்பம் வராது. கரி சேர்ந்துகொண்டே போகும்.

மேப் கேட்டதையும் தாண்டி ஏறி, சட்டென்று 100 பக்கம் விழுகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது: விஜிடி டர்போவின் (நகரும் இதழ்களால் பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை) உள்ளே இருக்கும் இதழ்கள் கரியேறிச் சிக்குகின்றன, அல்லது அவற்றைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு (மின்சார வால்வு) சரியாக வேலை செய்யவில்லை. ஓவர்டேக் செய்யும்போது மட்டும் கைவிடும் வண்டிகளில் இந்தப் பதிவு அடிக்கடி கிடைக்கும்.

பூஸ்ட் சரியாக ஏறுகிறது, ரெயில் அழுத்தம் மட்டும் இழுப்பின் நடுவே சரிகிறது: காற்றுப் பக்கத்தை விட்டுவிடுங்கள். டீசல் ஃபில்டரில் தொடங்கி பம்ப், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. முழு லோடில் ரெயிலுக்குள் இருப்பது 1,600 பார் அழுத்தமும் அதற்கு மேலும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

இதன் குறை என்ன? மலிவு அடாப்டர்கள் சில வண்டிகளோடு பேசவே பேசாது. பெரிய குறை, "கிடைத்த" பூஸ்ட்டைக் காட்டும் பொதுச் செயலிகள் பலவும் "கேட்ட" பூஸ்ட்டைக் காட்டுவதில்லை. ஒப்பிட மறுபாதி இல்லாமல் ஓரளவுக்குத்தான் முடிவு சொல்ல முடியும். என்றாலும் விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் மறைந்துகொள்ளும் கோளாறை, அது வரும் இடத்திலேயே பிடித்துவிடலாம்.

## கைச்சோதனை

ஒரு டார்ச், பழைய துணி, ஒரு ஸ்க்ரூடிரைவர். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருப்பது வேடிக்கைக் கதை அல்ல, நிஜமாகவே நடப்பது. பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின்வரை போகும் தடித்த ஹோஸ்களைத் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விரல்தான் பார்க்கும். கிளாம்ப் ஓரத்தில் ஈரமாக எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். ஹோஸின் உட்புறம் லேசாக எண்ணெய் பூசியிருப்பது இயல்புதான். இன்ஜினின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆவி அது. அதைப் பார்த்து டர்போ சீல் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். வழியும் அளவுக்கு இருந்தால்தான் கவலை.

ரப்பர் ஹோஸின் கிழிசலுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஐட்லிங்கில் அதன் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டு முழு ஹோஸ் போலவே தெரியும். உள்ளே ஒரு பார் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். இரண்டு கையாலும் ஹோஸை வளைத்து, முறுக்கிப் பார்த்தால் மாட்டும்.

அடுத்தது மெல்லிய வேக்குவம் குழாய்கள். சூட்டில் விறைத்து, நுனியில்தான் முதலில் வெடிக்கும். வேக்குவத்தில் இயங்கும் விஜிடி டர்போக்கள் பெரும்பாலானவற்றில் வேக்குவம் இழுத்தால்தான் இதழ்கள் மூடி பூஸ்ட் ஏறும். குழாய் கசிந்தால் பூஸ்ட் இல்லை. விரல் நீளக் குழாய் ஒன்று, பார்ப்பவருக்கு டர்போவே செத்த மாதிரி காட்டிவிடும். ஒருவர் ஸ்டார்ட் செய்து அணைக்க, இன்னொருவர் டர்போவின் ஆக்சுவேட்டர் ராடைக் கவனியுங்கள். பல வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் ராடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அணைத்ததும் திரும்பும். அசையவே இல்லை, அல்லது தடுக்கித் தடுக்கிப் போகிறது என்றால் துப்பு கிடைத்துவிட்டது. பிரேக் மிதியும் இறுகியிருந்தால் வேக்குவம் பம்ப்பையே சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் அதே வேக்குவம்தான்.

காற்றுக் குழாயைக் கழற்றினால் டர்போவின் சக்கரம் தெரியும். இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டும் தொடுங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருப்பது இயல்பு. ஆயில் படலத்தில் மிதந்து சுற்றும் தண்டு அது. உள்ளே, வெளியே என்று கையில் உணரும்படி நகரக்கூடாது. சக்கரத்தின் இதழ்கள் சுவரில் உரசிய தடமோ, நுனி உடைந்திருப்பதோ தெரிந்தால் இனிக் கடைசிச் சந்தேகம் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்கேனர் காட்டிய திசையோடு சேர்த்துச் செய்தால் இந்தச் சோதனைக்குப் பலன் அதிகம். தனியாகச் செய்தால், எதுவும் கண்ணில் படவில்லை என்பதற்காக எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. இன்ஜினை நெருக்கமாக அடைத்து, கீழே முழுக்க மூடிய வண்டிகளில் கை நுழையவே நுழையாது.

## தனியார் டீசல் ஒர்க்‌ஷாப்

நல்ல ஒர்க்‌ஷாப்பிடம் இருப்பவை, உங்களிடம் இல்லாதவை மூன்று: காற்றுப் பாதையை அடைத்துப் புகையோ அழுத்தமோ ஏற்றிக் கசிவைக் காட்டும் கருவி, வேக்குவம் அளக்கும் கேஜ், அந்தந்த வண்டியின் "கேட்டது", "கிடைத்தது" இரண்டையும் காட்டும் ஸ்கேனர். புகை ஏற்றினால் எந்த ஹோஸ், எந்த மூட்டு என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒரே கேள்வி: "லோடில் பூஸ்ட் எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது?" ஓட்டிப் பார்த்து எண்ணைச் சொல்பவரிடம் வண்டியை விடலாம். "அனுபவத்துல சொல்றேன், டர்போதான்" என்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டர்போ மட்டும் பழுதுபார்க்கும் கடைக்கு முதலிலேயே போவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் கைத்திறன் வேறு. ஆனால் வண்டி எந்தக் கோளாறோடு உள்ளே போனாலும் அங்கே கழற்றப்படுவது டர்போவாகத்தான் இருக்கும்.

சோதனைக்குத் தனிக் கட்டணம் என்றால் தயங்காமல் கொடுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்பவருக்கு வருமானம் பாகம் விற்பதிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஈஜிஆரை அடைத்துவிடலாம், டிபிஎஃப்பை எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதோடு ஒரு கோளாறை மறைக்க இன்னொன்றை வாங்குவதாகவும் முடியும்.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருந்தால் பேச்சே இல்லை, நேராக இங்கேதான். அதற்கு முன் எந்த நட்டையும் தொடாதீர்கள். வாரண்டி முடிந்த பிறகும் சில வேலைகளுக்கு இவர்கள்தான் சரி: மின்சார ஆக்சுவேட்டரை மாற்றிய பின் அதன் எல்லைகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது, இன்ஜெக்டர் கோடிங், மென்பொருள் புதுப்பிப்பு. உங்கள் மாடலுக்கே உரிய கோளாறு பற்றிக் கம்பெனி சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அதுவும் இங்கே கிடைக்கும்.

குறை விலை மட்டுமல்ல. ஆக்சுவேட்டர் மட்டும் போயிருந்தாலும், அது தனிப் பாகமாக விற்கப்படாவிட்டால் முழு டர்போ என்றுதான் மதிப்பீடு வரும். எழுத்தில் வாங்கி வாருங்கள். அதே கோளாறுக்கு வெளியே என்ன வழி என்று கேட்கலாம்.

## மாற்றிப் பார்ப்பது

முதலில் மாஃப் சென்சார், பிறகு ஈஜிஆர், பிறகு சோலினாய்டு. ஒவ்வொன்றுக்கும் கோடு அழிந்து சில நாள் வண்டி நன்றாக ஓடும்; அதனாலேயே சரியாகிவிட்டதாகத் தோன்றும். விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்த வழி தோற்பதற்குக் காரணமும் அதுதான். ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மட்டும் விதிவிலக்கு. மாற்றும் காலம் தாண்டியிருந்தால் எதையும் யோசிக்காமல் மாற்றிவிட்டுப் பிறகு தேடுங்கள்.

## டர்போதான் என்று உறுதியானால்

இதழ்கள் கரியில் சிக்கியது மட்டும் என்றால் கழற்றிச் சுத்தம் செய்வது போதும். ஓட்டும் விதம் மாறாவிட்டால் கரி திரும்ப வரும். தண்டும் பேரிங்கும் போயிருந்து, வெளிக்கூடும் இதழ்களும் நன்றாக இருந்தால் நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் பொருள் என்பதால் அது பேலன்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும். விஜிடி டர்போவைப் பிரித்துச் சேர்த்தால் இதழ்களின் குறைந்தபட்சத் திறப்பையும் கருவியில் வைத்து அமைக்க வேண்டும். கண்ணளவில் அமைத்தால் முன்பு பி0299 வந்த வண்டியில் இப்போது பி0234 வரும். ரீகண்டிஷன் டர்போ வாங்கும்போது இந்த இரண்டு சோதனைகளின் தாளையும் கேளுங்கள். கூடே உடைந்திருந்தால் புதியதுதான்.

எதை மாட்டினாலும், பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் மாட்டக்கூடாது. டர்போக்கள் பெரும்பாலும் சாவது ஆயில் போதாமல், ஆயில் அழுக்காகி, அல்லது ஏதாவது துண்டு உள்ளே போய். ஆயில் வரும் மெல்லிய குழாய் கரியால் அடைத்திருந்தால் புது டர்போவும் சீக்கிரமே அதே வழியில் போகும். ஆகவே மதிப்பீட்டில் ஆயில் குழாய், புது ஆயில், ஆயில் ஃபில்டர், கேஸ்கெட், இன்டர்கூலர் சுத்தம் ஆகியவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத மலிவு மதிப்பீடு உண்மையில் மலிவல்ல. இன்டர்கூலருக்குள் தேங்கிய பழைய ஆயிலும் உடைந்த இதழ்த் துண்டும் நேராக இன்ஜினுக்குத்தான் போகும்.

## எந்த நிலையில் எது

வாரண்டி வண்டிக்கு சர்வீஸ் சென்டர். வாரண்டி முடிந்து, கோளாறு விட்டுவிட்டு வந்தால் ஸ்கேனர் பதிவு, அதன் திசையில் கைச்சோதனை, இரண்டும் போதாவிட்டால் பதிவோடு தனியார் ஒர்க்‌ஷாப். கோளாறு நிரந்தரமாக இருந்து கரும்புகையும் சீறலும் இருந்தால் ஸ்கேனருக்குக்கூடக் காத்திருக்காமல் ஹோஸைத் தடவுங்கள். ரெயில் அழுத்தம் சரிந்தால் நேராக டீசல் பம்ப், இன்ஜெக்டர் தெரிந்த ஒர்க்‌ஷாப். கருவியைத் தொடவே விருப்பமில்லாதவர் கோடை அழிக்காமல், எந்தக் கியரில், எத்தனை சுற்றில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு இழுவை போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் பில் கட்டுவதற்கு முன் அதே சாலையில், அதே மூன்றாவது கியரில், 1,500-இலிருந்து 3,500 வரை இன்னொரு இழுப்பு பதிவு செய்யுங்கள். பழைய பதிவைப் பக்கத்தில் வைத்தால் மேப் ஏறும் விதம் மாறியிருப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், மாற்றிய பாகம் எதுவாக இருந்தாலும், கோளாறு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.